தீபாவளி அன்று படுத்த சர்வர், மழையில் நனைந்த நெல்... ரெண்டுக்கும் ஒரே வியாதி!

2025 அக்டோபர் 20, தீபாவளி. மதியம் 12 மணியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் உலகம் முழுக்க ஆப்கள் வரிசையாகப் படுத்தன. ஸ்னாப்சாட் திறக்கவில்லை. கேன்வா திறக்கவில்லை. பெர்ப்ளெக்ஸிட்டி பதில் சொல்லவில்லை. சிக்னலில் மெசேஜ் போகவில்லை. காரணம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் அமேசான் வெப் சர்வீசஸ் (ஏ.டபிள்யூ.எஸ்) டேட்டா சென்டர்களில் ஏற்பட்ட ஒரு கோளாறு.

அதே வாரம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வேறு மாதிரி ஒரு 'சர்வர் டவுன்'. அக்டோபர் 16-ம் தேதியே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. அறுவடை முடிந்த குறுவை நெல், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலிலும் சாலையோரத்திலும் குவிந்து கிடந்தது. தார்ப்பாய்க்கு அடியிலேயே நெல் முளைவிட்ட படங்களை நீங்களும் உங்க போனில் பார்த்திருப்பீங்க.

ஒண்ணு கிளவுட் பிரச்னை, இன்னொண்ணு களத்துமேட்டுப் பிரச்னை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால், ரெண்டும் ஒரே மாதிரிதான் உடைந்திருக்கின்றன. ஐ.டி படிக்கும், ஐ.டி-யில் வேலை பார்க்கும் டெல்டா பசங்க இதைத் தெரிஞ்சுக்கிறது முக்கியம். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே மினி டைடல் பார்க் திறந்தாச்சு. நாளைக்கு இந்த சிஸ்டங்களை எழுதப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

வர்ஜீனியாவில் என்னதான் ஆச்சு?

முன்பெல்லாம் ஒரு ஆப் என்றால் ஒரே பெரிய புரோகிராம். இப்போது அப்படி இல்லை. லாகின் பார்க்க ஒரு சின்ன சேவை, பணம் வாங்க ஒன்று, படம் காட்ட ஒன்று, மெசேஜ் அனுப்ப ஒன்று என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கிறார்கள். இதுதான் மைக்ரோசர்வீஸ். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஒன்றைச் சரிபண்ண மொத்தத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், ஒன்று பதில் சொல்லாமல் நின்றால், அதற்காகக் காத்திருக்கும் மற்றவையும் நின்றுவிடும் ஆபத்து கூடவே வருகிறது.

ஏ.டபிள்யூ.எஸ்-ஸில் அன்றைக்கு நின்றது 'டைனமோ டி.பி' என்ற டேட்டாபேஸ் சேவை. அதுகூட உடையவில்லை. அதன் முகவரிதான் காணாமல் போனது. இணையத்துக்கு டி.என்.எஸ் என்று ஒரு போன் டைரக்டரி உண்டு. அந்த டைரக்டரியைத் தானாகப் புதுப்பிக்கும் இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஒரே வரியைத் தொட்டதில், அந்த வரி காலியாகிவிட்டது. நம்பர் இல்லை என்றால் யார், யாரைக் கூப்பிடுவது?

முகவரியைச் சுமார் மூன்று மணி நேரத்தில் சரிபண்ணிவிட்டார்கள். ஆனால், எல்லாம் பழைய நிலைக்கு வரக் கிட்டத்தட்ட 15 மணி நேரம் ஆனது. ஏன்? அந்த மூன்று மணி நேரத்தில் வேலை மலைபோலக் குவிந்துவிட்டது. புதிய சர்வர்களை ஒதுக்கித் தரும் பிரிவு, தேங்கிய கோரிக்கைகளை ஒவ்வொன்றாக முடிப்பதற்குள் அவற்றுக்கான நேரம் காலாவதியானது. காலாவதியானது மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றது. எவ்வளவு வேலை செய்தாலும் வரிசை குறையவே இல்லை. கடைசியில் பொறியாளர்கள் உள்ளே வரும் கோரிக்கைகளையே மட்டுப்படுத்தித்தான் அதை மீட்டார்கள்.

ஆக, முதல் கோளாறு எடுத்துக்கொண்டது மூன்று மணி நேரம். மீதி முழுக்க அதன் பின்னால் உருவான தேக்கம்தான்.

100 கிலோவுக்கு ஒரு கிலோ!

இப்போது டெல்டாவுக்கு வருவோம். விவசாயி நெல்லைக் கொண்டுவருகிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறார்கள். தூற்றி, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, தைத்து அடுக்குகிறார்கள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு சேமிப்பு மையத்துக்கோ, குடோனுக்கோ போகிறது. அங்கிருந்து அரவை ஆலைக்கு. அங்கிருந்து அரிசியாக ரேஷன் கடைக்கு. ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி சேவை. ஒவ்வொன்றும் அடுத்ததை நம்பித்தான் இருக்கிறது.

ரேஷன் அரிசியில் 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற கணக்கில் செறிவூட்டப்பட்ட அரிசியைக் கலக்க வேண்டும் என்பது அப்போது இருந்த விதி. அந்தச் செறிவூட்டப்பட்ட அரிசிக்கான ஒப்புதல் மத்திய அரசிடமிருந்து தாமதமானதால்தான் அரவை தேங்கியது என்றது மாநில அரசு. 'லாரியும் சாக்கும் ஆளும் போதவில்லை, முன்கூட்டியே திட்டமிடவில்லை' என்றன எதிர்க்கட்சிகள். யார் சொல்வது எவ்வளவு சரி என்பது தனி விவாதம். சிஸ்டம் உடைந்த விதத்தை மட்டும் பாருங்க.

ஆலை நிற்கிறது. அதனால் குடோன் காலியாகவில்லை. குடோன் காலியாகாததால் லாரி நகரவில்லை. லாரி நகராததால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்க இடமில்லை. இடமில்லாததால் புது நெல் வாங்க முடியவில்லை. ஆனால், வயலில் அறுவடை மெஷின் நிற்கவில்லை. முற்றிய கதிரை யார் நிறுத்தி வைக்க முடியும்? அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதியே மேட்டூர் திறந்துவிட்டதால், நெல் எப்போது அறுவடைக்கு வரும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த கணக்குதான்.

நூற்றில் ஒரு பங்கு கலவைப் பொருள். அது வரவில்லை என்றதும், எங்கோ சாலையோரத்தில் ஒரு விவசாயியின் நான்கு மாத உழைப்பு முளைக்கிறது. மென்பொருள் உலகில் இதற்குப் பெயர் 'கேஸ்கேடிங் ஃபெயிலியர்'. நம்ம ஊர்ப் பாஷையில், வரிசையாக நிற்கவைத்த செங்கல்லில் முதல் கல்லைத் தட்டிவிட்ட கதை.

தட்டித் தட்டியே படுத்த யு.பி.ஐ

இதே மாதிரி இன்னொரு சம்பவம் உங்க எல்லோரையும் தொட்டது. 2025 மார்ச் 26, பிறகு ஏப்ரல் 12. இரண்டு நாளும் யு.பி.ஐ படுத்தது. கையில் பத்து ரூபாய்கூட இல்லாமல் டீ குடித்துவிட்டு, கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற தலைமுறை நாம்.

ஏப்ரல் 12 கோளாறுக்குப் பின்னால் இருந்த காரணம் சுவாரஸ்யமானது. சில வங்கிகளின் சிஸ்டங்கள், 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட இடைவிடாமல் விசாரித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அந்த விசாரிப்பு வெள்ளத்தில் மைய சிஸ்டம் மூச்சுத் திணறிவிட்டது. ஜுரத்தில் படுத்திருப்பவரை நிமிஷத்துக்கு ஒருதடவை எழுப்பி, 'இப்ப எப்படி இருக்கு?' என்று கேட்டால் எப்படித் தூங்குவார்?

அதன்பிறகுதான் என்.பி.சி.ஐ கடிவாளம் போட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது. பெண்டிங்கில் இருக்கும் பரிவர்த்தனையின் நிலையை மூன்று தடவைதான் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 90 விநாடி இடைவெளி வேண்டும். ஆட்டோபே பிடித்தம், கூட்டம் குறைந்த நேரத்தில் மட்டும்தான். 'என் பணத்தை நான் பார்க்க எதுக்குக் கட்டுப்பாடு?' என்று அப்போது பலர் கொதித்தார்கள். ஆனால், எல்லோரும் கொஞ்சம் பொறுத்தால்தான் எல்லோருக்கும் சேவை நிற்காமல் கிடைக்கும் என்பதுதான் இதில் இருக்கும் கணக்கு.

இந்தக் கணக்கு டெல்டாவுக்குப் புதுசா என்ன? தண்ணீர் குறைந்தால் முறைவைத்துப் பாய்ச்சுவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடப்பதுதானே. எல்லா வாய்க்காலையும் ஒரே நேரத்தில் திறந்தால் தலைமடைக்காரருக்கு மட்டும் நிறையும், கடைமடைக்கு ஒரு சொட்டு போகாது. முறைவைத்தால் எல்லோருக்கும் கொஞ்சம் தாமதம், ஆனால் எல்லோருக்கும் தண்ணீர்.

கல்லணை சொல்லும் கணக்கு

சோழ மன்னன் கரிகாலன் பெயரோடு சேர்த்தே நாம் சொல்லும் கல்லணையில், தண்ணீர் பிரிந்துபோக வழிகள் இருக்கின்றன. காவிரி, வெண்ணாறு, 1934-ல் முடிந்த கல்லணைக் கால்வாய் மூன்றும் பாசனத்துக்கு. கொள்ளிடம், வெள்ளத்துக்கு. அளவோடு வரும்போது தண்ணீர் வயலுக்குப் போகும். தாங்காத அளவு வரும்போது மிச்சத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொண்டு கடலில் சேர்த்துவிடும். முழு வெள்ளத்தையும் காவிரியிலும் வெண்ணாற்றிலும் விட்டால் கரை உடைந்து பயிர் மொத்தமும் போய்விடும். கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு இது. சாஃப்ட்வேர்காரர்கள் இதை 'லோடு ஷெட்டிங்' என்கிறார்கள்.

ஆனால், பாதுகாப்பு வழியும் உடையும். 2018 ஆகஸ்ட் 22 இரவு, திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருக்கும் மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. காவிரிக்குத் திருப்ப வேண்டிய தண்ணீர் உடைந்த வழியாகக் கொள்ளிடத்துக்குப் போனது. பாறைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டு அடைக்க நாள் கணக்கில் போராட வேண்டியிருந்தது.

மாற்று வழி இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பது வேறு, அது வேலை செய்யுமா என்று அடிக்கடி சோதித்துப் பார்ப்பது வேறு. நெட்ஃப்ளிக்ஸ் இதற்கென்றே 'கேயாஸ் மங்கி' என்று ஒரு புரோகிராம் வைத்தது. அதன் வேலையே, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஏதாவது ஒன்றைத் திடீரென்று நிறுத்துவது. குரங்கு புகுந்த வீடு மாதிரி. பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது உடைத்துப் பார்த்துவிட்டால், நடுராத்திரியில் தானாக உடையும்போது பதற வேண்டியதில்லை.

ஃபியூஸ், வரப்பு, மாற்று வழி

நல்ல மைக்ரோசர்வீஸ் டிசைனில் பெரும்பாலும் பேசப்படும் விஷயங்கள் இவைதான். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் வீட்டில் இருப்பதுதான்.

டைம் அவுட்: பதில் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முன்பே முடிவு செய்வது. காலக்கெடு இல்லாத காத்திருப்பு, காத்திருப்பவரையும் சேர்த்து முடக்கிவிடும்.

இடைவெளி விட்டு முயற்சி: முதலில் ஒரு விநாடி, அடுத்து இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி கேட்பது. எல்லோரும் ஒரே நொடியில் கேட்காமல் நேரத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுவது.

சர்க்யூட் பிரேக்கர்: வீட்டில் மின்சாரம் தாறுமாறாக வந்தால் டிரிப் ஆகுமே, அதேதான். பக்கத்து சேவை தொடர்ந்து சொதப்பினால் அதைக் கூப்பிடுவதையே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிச் சோதிப்பது. மைக்கேல் நைகார்ட் 2007-ல் எழுதிய 'ரிலீஸ் இட்' புத்தகத்தின் மூலம் இது பிரபலமானது.

பல்க்ஹெட்: கப்பலின் அடித்தட்டைத் தனித்தனி அறைகளாகத் தடுத்திருப்பார்கள். ஒரு அறையில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது. நமக்கு வரப்பு. ஒரு வயலில் மடை உடைந்தால் பக்கத்து வயலின் உரம் அடித்துப் போகாமல் இருப்பது வரப்பால்தான்.

ஃபால்பேக்: முழுசாகக் கொடுக்க முடியாதபோது, முடிந்ததைக் கொடுப்பது. உங்க ரசனைக்கேற்ற பட வரிசையைத் தயாரிக்கும் சேவை படுத்தால், எல்லோரும் பார்க்கும் படங்களின் பட்டியலையாவது காட்டுவது. வங்கி சர்வரை ஒவ்வொரு முறையும் தொந்தரவு செய்யாமல் சின்னத் தொகையை அனுப்பும் யு.பி.ஐ லைட்டும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான்.

ஒரே எண்: ஒரு வேலைக்கு ஒரு அடையாள எண். அதே எண்ணோடு கோரிக்கை இரண்டாவது தடவை வந்தால், 'இது ஏற்கெனவே முடிஞ்சது' என்று சொல்ல வேண்டும். இது இல்லாவிட்டால், மறுபடி முயற்சி செய்யும் ஒவ்வொரு தடவையும் பணம் போகும்.

வரிசை எங்கே நிற்கிறது?

இதுவரை படித்ததில் ஒரு கேள்வியை மட்டும் கூட எடுத்துப் போங்க. சிஸ்டம் திணறும்போது வரிசை எங்கே நிற்கிறது?

எந்த சிஸ்டத்திலும் தாங்கும் அளவுக்கு மேல் வேலை வந்தால் எங்காவது தேங்கித்தான் ஆக வேண்டும். எங்கே தேங்கலாம் என்பதை வடிவமைப்பவர் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை என்றால், அது தானாகவே பலவீனமானவர் தலையில் போய்த் தேங்கும். குடோனில் இடமில்லை என்றால் வரிசை குடோனில் நிற்காது. லாரியில் நிற்காது. விவசாயியின் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும்.

ஈரப்பத விதியை எடுத்துக்கோங்க. 17 சதவிகிதம்தான் வரம்பு. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஈர நெல்லை மூட்டை கட்டி வைத்தால் கெட்டுப்போகும். ஆனால், டெல்டாவில் அக்டோபரில் மழை பெய்யும் என்பது யாருக்கும் அதிர்ச்சிச் செய்தி இல்லை. முந்தைய சில பருவங்களில் மழைக்குப் பிறகு வரம்பை 19, 20 சதவிகிதம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். 2025-லும் 22 சதவிகிதமாக உயர்த்தக் கேட்டு மாநில அரசு கடிதம் எழுதியது, மத்தியக் குழுக்கள் வந்து நெல் மாதிரிகளை எடுத்துப் பார்த்தன. கடிதம், குழு, ஆய்வு, உத்தரவு என்று ஒவ்வொரு கட்டமாக நடந்து முடிப்பதற்குள், சாலையில் கிடக்கும் நெல்லின் ஈரம் இன்னும் ஏறுகிறது.

அந்தப் பருவத்தில் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று தமிழக அரசு விலை அறிவித்திருந்தது. நிலையம் வாங்காமல் திருப்பினால், வியாபாரி கேட்கும் விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு நல்ல மென்பொருள் பொறியாளர் இதை எப்படி யோசிப்பார்? 'மழை இந்த அளவைத் தாண்டினால், இத்தனை நாளுக்கு, இந்த ஈரப்பதம் வரை வாங்கலாம், அந்த நெல்லைத் தனியாக வைத்து முதலில் அரவைக்கு அனுப்ப வேண்டும்' என்று மழைக்கு முன்பே எழுதி வைப்பார். விபத்து நடந்தபிறகு அனுமதி கேட்பது ஃபால்பேக் இல்லை. கலவை அரிசி தாமதமானால் என்ன செய்வது என்பதற்கும் இப்படி ஒரு வரி செப்டம்பரிலேயே இருந்திருக்க வேண்டும்.

அதேசமயம், ஃபால்பேக் எதுவும் இலவசம் இல்லை. ஈர நெல்லை வாங்கினால் உலர்த்தும் செலவை யாராவது ஏற்க வேண்டும். கல்லணைக்கும் முக்கொம்புக்கும் கீழே வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் விடும்போது டெல்டா வயல்கள் தப்பிக்கின்றன. ஆனால், கொள்ளிடக் கரைக்குள் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற கிராமங்களில் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. 'கிரேஸ்ஃபுல்' என்ற வார்த்தை அழகாக இருக்கிறது. யாருக்கு இழப்பு, அதற்கு ஈடு என்ன என்பதையும் சேர்த்து முடிவு செய்தால்தான் அது முழுமையாகும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. உங்க கணக்கிலிருந்து பணம் போய், எதிராளிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், யு.பி.ஐ பணப் பரிமாற்றத்தில் அடுத்த நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. கோளாறே வராது என்று அது சொல்லவில்லை. வந்தால் எத்தனை நாளில் யார் சரிசெய்ய வேண்டும், தவறினால் யார் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. மழையில் காத்திருக்கும் நெல்லுக்கும் 'இத்தனை நாளுக்குள் எடை போடவில்லை என்றால் இவ்வளவு' என்று ஒரு விதி ஏன் இருக்கக் கூடாது?

நாம என்ன செய்யலாம்?

பேமென்ட் பெண்டிங் காட்டினால் உடனே இன்னொரு தடவை அனுப்பாதீங்க. நீங்க புதுசாகத் தட்டுவது புதுப் பரிவர்த்தனை, இரண்டு தடவையும் பணம் போகலாம். ஒன்றரை நிமிஷம் பொறுத்து நிலையைப் பாருங்க. பர்ஸில் 200 ரூபாய் எப்போதும் இருக்கட்டும், அதுதான் உங்க சொந்த ஃபால்பேக். காலதாமதமானால் வங்கியில் அந்த 100 ரூபாயைக் கேளுங்க.

கோடு எழுதுபவர் என்றால், அடுத்த ரிவ்யூவில் 'இது ஓடுமா?' என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேருங்க. இது கூப்பிடும் சேவை படுத்தால் ஸ்கிரீனில் என்ன தெரியும்? வேலை குவிந்தால் வரிசை எங்கே நிற்கும்? அந்த வரிசையில் நிற்பவர் எத்தனை நாள் தாங்குவார்?

உங்க வீட்டில் நெல் போடுபவர் இருந்தால், மூன்றாவது கேள்விக்கான பதில் அவருக்கே தெரியும். மழை நேரத்தில், ஈர நெல் முளைக்க இரண்டு மூன்று நாள் போதும்.